பாடியவர் பெயரும் பேரேடும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தபோது, வழக்கம்போல் இருப்புப் பாதை வரலாற்றில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின் நம் காலனியில் சங்கீதம் பயிலும் பிள்ளைகள் பெருகிவிட்டனர். அவர்களிற் சிலர் தாம் பாடியவற்றைப் பதிவு செய்து உலகறிய வெளியிடவும் தொடங்கிவிட்டனர். "குழந்தை பாடியதை ஊரெல்லாம் கேட்கிறதே, அதற்கு ராயல்டி என்று ஏதோ வருமாமே, எங்கே பதிவு செய்வது?" என்று பெற்றோர் இருவர் மூவர் நம்மிடம் கேட்டதுண்டு. அலுவலகத்தில் பேரேடு எழுதுபவன் எல்லாப் பதிவுகளையும் அறிந்திருப்பான் என்ற நம்பிக்கை போலும்! நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்தவரேயன்றிச் சட்டம் பயின்றவரல்லோம். எனினும் தேடிப் படித்ததில், இவ்வினாவுக்கு 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டென்பதும், அவ்வரலாறு நம் கரக்பூரிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர்த் தொலைவிலேயே தொடங்குகிறதென்பதும் தெரியவந்தன. அதனையே ஈண்டு எழுதுகிறோம்.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் அமெரிக்கர், லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளராகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். அந்நாளில் மைக் கிடையாது. மின்சார முறைப் பதிவு 1925-இல்தான் வந்தது. பாடுபவர் ஒரு பெரிய கொம்பின் வாயருகே முகத்தை நீட்டி உரத்த குரலில் பாட வேண்டும். அக்குரலின் அதிர்வு மறுபுறத்தில் ஓர் ஊசியை அசைத்துச் சுழலும் மெழுகுத் தட்டில் கீறலாகப் பதியும். நவம்பர் மாதத்தில் அக்கொம்பின் முன் நின்று பாடியவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ஆற்றல் பெற்ற அவ்வம்மையார், மூன்று நிமிட அளவுக்குள் அதனைச் சுருக்கிப் பாடி முடித்து, கடைசியில் ஆங்கிலத்தில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று தம் பெயரையும் உரக்கச் சொல்லி வைத்தார். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் செல்லும்; அங்குள்ளார்க்கு நம் மொழியும் தெரியாது, நம் பாடகரும் தெரியாது. எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவதென்று அவர்கள் குழம்பாதிருக்கவே இந்த ஏற்பாடு என்பர். இதனை வெறும் வேடிக்கையாகக் கொள்ளலாகாது. 'இக்குரல் என்னுடையது' என்று பாடியவரே பதிவு செய்த முதற் பதிவேடு அதுவே என்பது நம் கருத்து.

பெயர் பதிந்தது, பணம் எவ்வாறு பதிந்தது? ஒலிப்பதிவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த தொகையைப் பெற்றுக்கொள்வதோடு அந்நாளைப் பாடகர்க்கும் தட்டுக்கும் உள்ள கணக்குத் தீர்ந்துவிடும். தட்டு ஒன்று விற்றாலும் பதினாயிரம் விற்றாலும் பாடகர்க்கு ஒன்றே. இதே கெய்ஸ்பர்க் இதே 1902-இல், ஏப்ரல் மாதத்தில், இத்தாலியிலுள்ள மிலான் நகரில் என்ரிக்கோ கரூசோ என்ற இளம் பாடகரைக் கொண்டு 10 பாடல்களைப் பதிவு செய்தார். அதற்கு அளித்த கூலி 100 பவுன். அவரும் அன்று மொத்தத் தொகைதான் பெற்றார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1904-இல், அமெரிக்காவின் விக்டர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு என்ற முறையில் ராயல்டி பெறலானார். கௌஹர் ஜானோ பல மொழிகளில் சுமார் 600 பாடல்களைத் தட்டில் ஏற்றியும், முதுமையின் வாயிலில் வருவாய் குன்றி, மைசூர் மகாராஜாவின் ஆதரவை நாடிச் சென்று, 1930-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார். ஒருவருக்குக் கேட்கத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை என்று இதனை முடித்துவிட இயலாது. கௌஹர் ஜான் பேரம் பேசுவதில் எவருக்கும் சளைத்தவரல்லர். இந்நாட்டில் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே உண்மை.

அச்சட்டத்தைச் சற்று நோக்குவோம். பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1911-இல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இந்தியாவிலும் நிலைபெற்றது. இசைத்தட்டுக்கு ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு அச்சட்டம் அளித்த விடை வியப்பானது. பாடியவரல்லர், பாட்டை இயற்றியவரல்லர், தட்டுகளை அச்சிடுவதற்கு உதவும் மூலத் தகடு எவருக்குச் சொந்தமோ அவரே ஆசிரியராகக் கருதப்படுவார்! வண்டியில் ஏற்றிய நெல்லை விளைவித்தவர் யாரென்றால், வண்டிக்காரரைக் காட்டுவது போன்றது இது. இம்மூலத் தகடு என்ற சொற்றொடர் நாடு விடுதலை பெற்ற பின்னர் 1957-இல் நாமே இயற்றிக்கொண்ட பதிப்புரிமைச் சட்டத்திலும் இடம்பெற்று, 1994 வரை நீடித்தது.

தென்னாட்டுக்கு வருவோம். கல்கத்தா சியால்தாவில் 1908-இல் தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டு, 1928-இல் டம்டம்முக்குப் பெயர்ந்தபின், தட்டுகள் ஹானோவருக்குச் சென்று மீளும் தொல்லை ஒழிந்தது. சென்னையில் இசைத்தட்டு வாணிகம் தழைத்தது. பின்னாளில் படவுலகில் புகழ்பெற்ற ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக ஓடியன் தட்டுகளை வெளியிட்டவரே. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தம் 27-ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் குரல் தட்டுகளில் மறையவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டைக் கேளாத தமிழூர் அந்நாளில் இருந்திராது. பாடுபவர் இறந்தும் பாட்டு விற்கிறது என்ற புதுமை அக்காலத்தேதான் நம் மக்களுக்குப் புலனாயிற்று. அப்படியாயின் அந்த விற்பனையில் அவர் மனைவி மக்களுக்குப் பங்குண்டா என்ற கேள்வியும் உடனே எழ வேண்டுமல்லவா? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சட்டம் வாய் திறவாது.

ஒப்பந்தத்தின் பலத்தால் ராயல்டி பெற்ற பெரியோர் இருந்தனர். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1963-இல் பாடி வெளிவந்த ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதத் தட்டின் ராயல்டி, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கென்றே அளிக்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி. கொடுப்பதற்கும் முதலில் நம் கையில் உரிமை இருக்க வேண்டும். அத்தகைய பேரும் செல்வாக்கும் வாய்ந்த பாடகர்க்குக் கம்பெனிகள் ராயல்டி எழுதிக் கொடுத்தன. அவருக்குப் பின்னால் அமர்ந்து பிடிலும் மிருதங்கமும் கடமும் வாசித்தவர்க்கு அன்றைய வாசிப்புக் கூலியே முற்றும் முடிவும். நாகஸ்வரத் தட்டுகளில் தவில்காரர் பெயரைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களே கண்ணிற் படும்.

1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. இசைப் படைப்பு என்பது அச்சிட்டோ எழுதியோ வரைந்தோ காட்டப்பட்டதாக இருக்க வேண்டுமென்று அது இலக்கணம் வகுத்தது. மேனாட்டுச் சங்கீதத்துக்கு இது பொருந்தும். அங்கே ஸ்வரக் குறிப்பைக் காகிதத்தில் எழுதிய பின்னரே வாசிப்பர். நம் சங்கீதத்திலோ கச்சேரியின் உயிரான ஆலாபனையும் நிரவலும் தனி ஆவர்த்தனமும் எந்தக் காகிதத்திலும் இல்லை. மேடையில் அமர்ந்த பின்னர்தான் பிறக்கின்றன. ஆகவே நம் வித்துவான்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்த பகுதி, சட்டத்தின் கண்ணுக்கு நிகழவே இல்லாத ஒன்றாயிற்று! நம் பேரவைகளில் சங்கீதம் அறிந்த உறுப்பினர் சிலரேனும் இருந்திருப்பர். அவர்கள் இதனை எவ்வாறு விட்டுவைத்தனர் என்று நாம் பலகால் எண்ணியதுண்டு.

தட்டுக் கம்பெனிகள் இதற்குள் தமக்கென்று அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டன. 1936-இலேயே கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிலார் சங்கம் தோன்றிவிட்டது. தட்டுகளைப் பொது இடங்களில் இசைப்பதற்குக் கட்டணம் வசூலிக்கும் பி. பி. எல். என்ற நிறுவனம் 1941-இல் வந்தது. பாட்டெழுதியோர்க்கும் இசையமைத்தோர்க்குமாக ஐ. பி. ஆர். எஸ். என்ற சங்கம் 1969-இல் வந்தது. பாடியவர்க்கு மட்டும் சங்கமில்லை. உரிமையே இல்லாதவர்க்குச் சங்கம் எதற்கு?

உரிமை இருக்கட்டும், பெயரே இல்லாதிருந்த காலமும் ஒன்றுண்டு. 1949-இல் மஹல் என்ற ஹிந்திப் படம் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற பாடலின் தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர்! வானொலியில் அப்பாட்டைக் கேட்டவர்கள் இக்குரல் யாருடையது என்று கேட்டுக் கடிதங்களைக் குவிக்கவே, லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளிவந்தது. கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி வைத்து 47 ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலைமை இதுதான். பின்னணிப் பாடகர் என்ற பெயருக்கேற்ப அவர்களைப் பின்னணியிலேயே நிறுத்திவிட்டனர்.

இதே லதா அம்மையார்தான் 1960களின் முற்பகுதியில், பாடுவதற்குக் கூலி பெறுவதோடு நில்லாமல் தட்டு விற்பனையிலும் பாடகர்க்குப் பங்கு வேண்டுமென்று வாதிட்டார். முகமது ரஃபி அவர்கள் அதற்கு இசையவில்லை. பாடினோம், பேசிய பணத்தைப் பெற்றோம், அத்தோடு நம் பாத்தியதை தீர்ந்தது. லாப நஷ்டம் படமெடுப்பவரைச் சார்ந்தது என்பது அவர் கொள்கை. இக்கருத்து வேற்றுமையால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தனர். ரஃபி அவர்களின் நிலையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அது கூலிக்கு உழைக்கும் நேர்மையாளரின் நிலை. நம் காலனியில் பெரும்பாலோர் நினைப்பதும் அதுவே. செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கியபின் மறுபடி என்ன கேட்பது? ஆயினும் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. நாம் எழுதிய பேரேட்டை எவரும் ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்து, டிக்கெட் வைத்து ஊராருக்குக் காட்டிப் பணம் பண்ணுவதில்லை. பாடகரின் ஒரு நாள் வேலையோ ஒவ்வொரு நாளும் மீண்டும் மீண்டும் வேலை செய்துகொண்டிருக்கிறது. மேலும் நமக்கு ஓய்வூதியம் உண்டு.

மேனாடுகளில் இதற்குள் சில மாறுதல்கள் நிகழ்ந்திருந்தன. இங்கிலாந்தில் 1925-லேயே, கலைஞரின் எழுத்து மூலமான இசைவின்றி அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்வது குற்றமென்று சட்டம் வந்தது. 1961-இல் ரோம் நகரில் நாடுகள் கூடி, நிகழ்த்தும் கலைஞர்க்கென்று தனி உடன்படிக்கை செய்தன. இந்தியா அதில் கையெழுத்திட்டது. ஆனால் அதனை ஏற்று உறுதி செய்யவில்லை.

1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுற்றது. ஐ. பி. ஆர். எஸ். சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்பட சங்கத்துக்கும் இடையே, திரையரங்கில் பாட்டு இசைக்கப்படுவதற்கு இசையமைப்பாளர்க்குக் கட்டணம் உண்டா என்பது வழக்கு. இல்லை, வேறு ஒப்பந்தம் இல்லையேல் எல்லாம் படத் தயாரிப்பாளர்க்கே என்று தீர்ப்பாயிற்று. பாடகர்கள் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்பின் இறுதியில் தனியே சில வரிகள் எழுதிச் சேர்த்தார். நம் சட்டம் எழுதிவைத்த மெட்டைக் காக்கிறதேயன்றிப் பாடுபவரின் குரலைக் காப்பதில்லை. இந்திய சங்கீதத்தில் பாடுபவரே பாதி படைப்பாளியாயிருக்க, இது நம் மரபுக்கு ஒவ்வாதது. பார்லிமெண்டு கவனிக்க வேண்டும் என்பது அவ்வரிகளின் சாரம். கேளாதவர்க்காக நீதிமன்றமே கேட்டது என்று இதனைச் சொல்லலாம். பார்லிமெண்டு கவனிப்பதற்கு 17 ஆண்டுகள் ஆயின.

1994-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1995-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நிகழ்த்துவோர் உரிமை என்ற சொல் நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது அன்றுதான். நிகழ்த்துவோர் எனப்படுவோர் யாவர் என்று சட்டம் ஒரு பட்டியலே தருகிறது. நடிகர், பாடகர், இசைவாணர், நாட்டியமாடுவோர், கழைக்கூத்தாடி, பந்துகளை வீசிப் பிடிப்பவர், செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாற்றுபவர் ஆகியோரெல்லாம் அதில் அடங்குவர். பாம்பாட்டியைச் சேர்த்த சட்டம் எந்நாட்டிலேனும் உளதோ என்று நாம் முதலில் சிரித்தோம். பிறகு சிந்தித்தபோது, மகுடி வாசிப்பவர் உரிமையும் வித்துவானுடைய உரிமையும் ஒன்றே என்று எழுதிய கையைப் பாராட்டவே தோன்றிற்று.

உரிமையின் காலம் முதலில் 25 ஆண்டுகள். உலக வர்த்தக உடன்பாட்டுக்கு இணங்க 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 50 ஆண்டுகளாயிற்று. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 1996-இல் பதிவான பாட்டுக்கு 2046-ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமை உண்டு என்பது கணக்கு. ஆயின் இச்சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தம் நிகழ்ச்சியைத் திரைப்படத்தில் சேர்ப்பதற்கு ஒருமுறை இசைந்துவிட்டால், அதன்பின் கலைஞர்க்கு அதில் எவ்வுரிமையும் இல்லை என்றிருந்தது. நம் நாட்டில் விற்கும் பாட்டுகளிற் பெரும்பகுதி திரைப்பாட்டே. ஆகவே பின்னணிப் பாடகர்க்கு வாயிற்கதவைத் திறந்து வைத்து, உள்ளே செல்லும் வழியை அடைத்துவிட்டது போலாயிற்று.

இவ்விடத்தில் நம் காலனியில் கேட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு நம் முருகன் கோயிலில் வாசிக்கத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வரும் மேளக்காரருள் மூத்த தவில் வித்துவான் ஒருவர், ஊருக்குத் திரும்ப கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருந்த வேளையில் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். 1990களின் இறுதியில் சென்னையில் ஒரு கேசட்டுக்கு இரண்டு நாள் வாசித்தாராம். உறையில் போட்டுப் பணம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கேசட் இன்றும் கல்யாண மண்டபங்களில் ஒலிக்கிறதாம். அட்டையில் நாகஸ்வரக்காரர் படமும் பெயரும் உண்டு; இவர் குழுவினருள் ஒருவர். இக்காலத்தில் வாசித்தவர்க்கும் சட்டப்படி உரிமை உண்டு ஐயா என்று நாம் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "அது சரி சார். அந்தத் தவில் நான் வாசிச்சதுன்னு எந்தக் கணக்குல எழுதியிருக்கு?" என்றார். 22 ஆண்டுகளாகக் கணக்கெழுதும் நம்மால் அதற்கு உடனே விடை கூற இயலவில்லை. வண்டி வந்துவிட்டது.

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் பார்லிமெண்டின் இரு அவைகளும் மீண்டும் ஒரு திருத்தத்தை நிறைவேற்றின. ஜூன் 21-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திரைப்படத்தில் சேர்ந்த நிகழ்ச்சியாயினும், அது வாணிப நோக்கில் பயன்படும்போது நிகழ்த்தியவர்க்கு ராயல்டி உண்டு என்று இம்முறை தெளிவாக எழுதினர். இதனோடு இன்னும் ஓர் உரிமையையும் தந்தனர்; பணத்தினும் அது பெரிதென்று நமக்குப் படுகிறது. இந்நிகழ்ச்சியை நிகழ்த்தியவர் இன்னார் என்று தம் பெயரை அறிவிக்குமாறு கோரும் உரிமை அது. அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் அச்சட்டத்தில் உண்டு. திரைப்படம் ஒன்றில் ஒருவரது பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி படத்தின் பெயர்ப் பட்டியல் உட்பட எங்குமே அவர் பெயர் குறிக்கப்படாவிடில், ராயல்டிக்கு அவர் நிகழ்த்துவோராகக் கருதப்படமாட்டார். கௌஹர் ஜான் கொம்புக்குள் பெயர் சொல்லி வைத்ததன் பொருள் இங்கு நன்கு விளங்கும்.

உரிமை வந்த மறு ஆண்டே சங்கமும் வந்தது. இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம், சுருக்கமாக இஸ்ரா, 2013-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மத்திய அரசிடம் பதிவு பெற்றது. 1960களில் குரலெழுப்பிய லதா மங்கேஷ்கர் அதன் தோற்றத்தில் பங்கு கொண்டார்; ரஃபி அவர்கள் 1980-லேயே காலமாகிவிட்டார். கம்பெனிகள் சங்கம் கண்ட 1936-க்கும் இதற்கும் இடையே 77 ஆண்டுகள். அனுமதியின்றிப் பாட்டு இசைத்த மதுக்கூடங்கள் மீது இச்சங்கம் வழக்குத் தொடுத்து, 2016-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வெற்றியும் கண்டது. பின்னர் வாத்தியக் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு இஸாம்ரா எனப் பெயர் மாறிற்று. 1996-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான உலக உடன்படிக்கையிலும் இந்தியா 2018-இல் சேர்ந்துவிட்டது.

இனி, பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருவோம். பதிவு என்பது ஒன்றன்று. இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடப்பது.

முதலாவது பாட்டுக்கு எண் இடுவது. பழைய தட்டுகளில் நடுவேயுள்ள காகிதத்தை ஒட்டி, கருப்புப் பகுதியில் உற்றுப் பார்த்தால் ஓர் எண் கீறியிருக்கும். கம்பெனிப் பேரேட்டில் அத்தட்டின் அடையாளம் அதுவே. அதன் பேரப்பிள்ளைதான் ஐ. எஸ். ஆர். சி. என்ற இக்கால எண். 1986 முதல் உலக முழுவதும் வழங்குவது. மொத்தம் 12 எழுத்தும் இலக்கமும்; முதல் ஐந்து எண் வழங்கியவரையும், அடுத்த இரண்டு ஆண்டையும், இறுதி ஐந்து வரிசை எண்ணையும் குறிக்கும். நம் சரக்கு வாகன்களுக்கு 11 இலக்க எண் உண்டல்லவா? வாகனின் வகை, எந்த ரயில்வேக்கு உரியது, கட்டிய ஆண்டு, வரிசை எண் எல்லாம் அதனுள் அடக்கம். இதுவும் அவ்வாறே. ஒரே பாட்டை அதே குழந்தை மறுபடி பாடிப் பதிவு செய்தால் அதற்கு வேறு எண். பதிவு செய்து வெளியிடும் கம்பெனியோ, நம் பிள்ளைகளின் பாட்டை உலகுக்கு அனுப்பும் விநியோகத்தாரோ இவ்வெண்ணை இடுவர். இந்தியாவில் இதனை மேற்பார்ப்பது முன்சொன்ன 1936-ஆம் ஆண்டுச் சங்கத்தின் வழிவந்த அமைப்பே.

இரண்டாவது, பாடியவர் அல்லது வாசித்தவர் தம் சங்கத்தில் உறுப்பினராவது. விண்ணப்பம், அடையாளச் சான்று, வருமான வரி நிரந்தர எண், வங்கிக் கணக்கு இவற்றோடு, தாம் பங்குபெற்ற பதிவுகளின் பட்டியலையும் தர வேண்டும். இப்பட்டியலே அனைத்துக்கும் அடிப்படை. பாட்டின் பெயர், படமோ தொகுப்போ அதன் பெயர், ஆண்டு, மொழி, உடன் பாடியோர், வெளியிட்ட கம்பெனி, முடிந்தால் மேற்கூறிய எண். வானொலி, தொலைக்காட்சி, உணவு விடுதி முதலானவற்றிடமிருந்து வசூலாகும் தொகை, எப்பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்ற கணக்கோடு இப்பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தே பங்கிடப்படும். பட்டியலில் இல்லாத பெயருக்குப் பங்கு செல்ல வழியில்லை. சரக்கு தொலைந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமென்ற ரயில்வே சட்டத்தின் 106-ஆம் பிரிவு நம் அன்பர்கட்குப் புதிதன்று. உரியவர் கேளாத பணம் எங்கும் உறங்கும்.

பாடுபவரே செலவு செய்து பதிவு செய்வாராயின் அவர் பாடகர் மட்டுமல்லர், தயாரிப்பாளரும் ஆவார். இரு பங்கும் அவருக்கே. பிறர் செலவில் பாடினால், கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துப் பார்த்த பின்னர் இடுக. தியாகராஜர் கீர்த்தனைக்கு எவரும் பதிப்புரிமை கோர இயலாது. ஆனால் அதனை நம் வீட்டுப் பெண் பாடிய அந்தப் பாட்டில் அவளுக்கு உரிமை உண்டு. பிடில் வாசித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் உண்டு. அவன் பெயரையும் பதிவில் குறிப்பிட மறவற்க. ராயல்டி வந்து வீடு நிறையும் என்று மட்டும் எவரும் எண்ணவேண்டா. பெரும்பாலோர்க்கு அது சிறு தொகையாகவே இருக்கும்.

இவ்வளவும் படித்த பின்னர், நம் சங்க நூலகத்தின் இரும்பு பீரோவிலுள்ள கேசட்டுகள் நினைவுக்கு வந்தன. தியாகராஜ ஆராதனை, நவராத்திரி, ஆண்டு விழா ஆகிய நாட்களில் நம் மேடையில் பாடியவை, வாசித்தவை அவை. விற்பனைக்கு வந்தவையல்ல, இனி வரப்போவதும் இல்லை. எனினும் இந்த ஆண்டு செயலர் அவர்களின் இசைவோடு ஞாயிறுதோறும் அவற்றைப் போட்டுக் கேட்டு, நாள், பாடியவர், பக்கவாத்தியம், உருப்படிகள் என்று ஒரு நீண்ட நோட்டில் எழுதி வருகிறோம். பெரும்பாலான கேசட்டுகளின் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கிறது. பக்கவாத்தியம் வாசித்தவர் பெயர்களைப் பழைய அழைப்பிதழ்களைப் பார்த்தும், மூத்த உறுப்பினர்களைக் கேட்டும் நிரப்பி வந்தோம். நான்கு இடங்கள் இன்னும் காலியாக உள்ளன. 1989-ஆம் ஆண்டு நவராத்திரி மூன்றாம் நாள் மிருதங்கம். 1991-ஆம் ஆண்டு ஆராதனையில் கடம். அதே ஆண்டு ஆண்டு விழாவில் பிடில். 1994-இல் கோயில் கும்பாபிஷேகத்தன்று தவில், இரண்டாமவர். 1991 ஆராதனையில் கடம் வாசித்தவர் ஹௌராவிலிருந்து வந்த இளைஞர் என்றும், தனி ஆவர்த்தனத்தின்போது மின்சாரம் நின்றும் அவர் நிறுத்தாமல் வாசித்தார் என்றும் இருவர் சொல்கின்றனர். கேசட்டில் அவ்விடத்தில் ஓசை அறுந்துவிடுகிறது. பெயர் அறிந்த அன்பர்கள் ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் நூலகத்தில் தெரிவிக்கலாம். நோட்டு மேசை மீதே இருக்கும்.